வாயுலிங்கம் வரை கரையாத கமர்கட்டு

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இனியாவுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் ஒரு குறையுமில்லை, விசாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவுக்கு பிரஷர் குறைந்திருக்கிறது, ஊறுகாய் தின்பது மட்டும் குறையவில்லை. உன் தம்பி செழியன் கடையில் புது அடுப்பு போட்டிருக்கிறான். நீ அனுப்பிய கமர்கட்டுப் பார்சல் புதன்கிழமை வந்தது, கூட இருந்த கடிதத்தை அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடற்கரைச் சாலையில் நீ திறக்கப்போகும் கடைக்கு நம் அப்பாதுரை மிட்டாய்க் கடையின் பெயரையே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டதற்கே எனக்குச் சந்தோஷம், ஆனால் கேட்டவுடன் தூக்கிக் கொடுக்கிற பெயர் இல்லை அது. எப்படி வந்த பெயர் என்று தெரிந்துகொள்.

எழுபத்தெட்டில் மழை பொய்த்து நிலத்தில் போட்ட மல்லாட்டைப் பயிர் காய்ந்துபோனபோது உன் தாத்தா கிரிவலப் பாதையில் ஒரு பலகையைப் போட்டு கமர்கட்டு விற்க உட்கார்ந்தார். முதல் பௌர்ணமியிலேயே வண்டிக்காரர் மண்ணாங்கட்டி என்பவர், இன்னாப்பா இது, நாலு அடி வெக்கறதுக்குள்ள கரைஞ்சி போச்சி, காசு குடுத்து வெல்லத் தண்ணியா வாங்கனேன் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். தாத்தாவுக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாகிலும் ஒரு கமர்கட்டை வாயில் அடக்கிக்கொண்டு நடப்பார். கடிக்கக் கூடாது, பேசக் கூடாது, பாதையில் அடுத்து வருகிற வாயுலிங்கக் கோயில் போய்ச் சேரும்வரை கரையாமல் இருந்தால்தான் அது விற்பனைக்கு வரும், இல்லையென்றால் திரும்ப அடுப்புக்கே போகும். வழியில் யார் பேச்சுக் கொடுத்தாலும் கையை மட்டும் ஆட்டுவார், பாதி ஊர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றது. அப்படிச் சம்பாதித்த பெயர்.

வியாழக்கிழமை காலை உன்னுடையதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன், மகள் செய்தது என்று சலுகை எதுவும் காட்டவில்லை. வாயுலிங்கம் வந்தபோது வாயில் இன்னும் பாதி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. கடல் காற்றில் பிசுபிசுத்துப் போகிறதென்று மூன்று முறை பாகைக் கருகவிட்டு நீயாகவே பதம் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தாயே, யாருக்கு வரும் அந்தப் பிடிவாதம்! பெருமை தாங்காமல் திரும்பி வந்து நம் கடையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தேன். பாதி வழியில் வாய் காலி. மூட்டுவலி வந்ததிலிருந்து மூன்று வருஷமாக நானும் நடந்து பார்க்கவில்லை, செழியனையும் அனுப்பவில்லை. பௌர்ணமிக் கூட்டத்துக்கு அவசரப்பட்டு பாகைச் சீக்கிரம் இறக்கியே பழகிவிட்டோம், விற்பனை ஜாஸ்தியாக இருந்ததால் உறைக்கவுமில்லை. போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

செழியன் முதலில் முறைத்தான். பிறகு அவனே நடந்து பார்த்துவிட்டு வந்து, அக்காவையே கேளுப்பா, நான் கத்துக்கறேன் என்றான். ஆகையால் பெயரைத் தரலாமா என்று யோசிக்கிற இடத்தில் நான் இல்லை. போர்டில் தாத்தா பெயரைப் பெரிதாகவே எழுது, இன்றைக்கு அந்தப் பெயருக்கு உரியவள் நீதான். நம் கமர்கட்டு வாயுலிங்கம் போய்ச் சேரும்வரை இங்கே எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் மட்டும்தான் விற்பனை.

அடுப்பருகே நிற்கும்போது துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் கடையும் குடும்பமும் குறைவில்லாமல் வளர எங்கள் ஆசீர்வாதம். பதம் எப்படிப் பார்க்கிறாய் என்பதை ஒன்று விடாமல் எழுதி அனுப்பு, மறந்துவிடாதே. தம்பிக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
முருகவேல்