கும்பத் தண்ணீர் குடித்த கன்றுகள்

அடிபட்டுச் செத்த என் அண்ணனுக்கு, ஒரு வருஷமாக வாயைத் திறக்காத உன் தங்கை ராக்காயி எழுதுவது.

உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் கோயில் சுவரில் ஒட்டப் போகிறேன். நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

உன்னை அடித்த கம்பு போன வாரம் என் கைக்கு வந்தது, அண்ணே. நம்மை வேலை வாங்குகிற கண்டாக்கு அதைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். கூடைக்குள் செருகிக்கொண்டு வந்து அடுப்பில் வைக்க முறித்தேன். முறியவில்லை. கல்லில் சாய்த்து மிதித்தேன், செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் கொத்தினேன். கடைசியில் அது முறிந்தபோது உன் விலா முறிந்த சத்தம்தான் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் வேலை என்னவென்று இங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. சின்னதொரை உன்னிடம் பன்னிரண்டு தொட்டி கொடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு தேயிலைக் கன்று. முதல் நாள் மட்டும் தண்ணீர் ஊற்றி, மண்மேல் மெழுகுத்துணி கட்டிவிட்டால் அப்புறம் ஒரு சொட்டுக் காட்டக்கூடாது. விடிந்ததும் தொட்டிகளைத் தராசில் வைப்பாய். நேற்றைவிட எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவு தண்ணீரைக் கன்று குடித்திருக்கிறது. மண் காயக் காய அது எவ்வளவு குடிக்கும், எத்தனை நாள் தாங்கும் என்று தாளில் கோடு போடுவாய். அந்தக் கோடு சரியாக இருந்தால், மழை பெய்யாத மாதத்தில் மலையில் கன்று நடலாமா கூடாதா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பாய்.

“செடியக் காயப்போட்டு வேடிக்க பாக்குறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?” என்று கேட்டேன்.

“இந்தப் பன்னெண்டு செத்தாத்தான் புள்ள மலையில இருக்குறது பொழைக்கும்” என்று சிரித்தாய்.

அந்த வறட்சியில்தான் மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்தார்கள். மழை கேட்டு ஒன்பது நாள் கும்பம் வைத்தார்கள். தினமும் பழைய மஞ்சள் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றவேண்டும். காப்புக் கட்டியிருந்த எனக்கு அந்த வேலை. அம்மன் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் கொட்டலாமா? செடி அடியில்தான் ஊற்றவேண்டும். லயத்தைச் சுற்றிக் கோழி மிதிக்காத, பிள்ளைகள் மிதிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உன் தொட்டிக் கொட்டகை.

நீ எடை எடுத்துவிட்டுப் போன பிறகு, துணியை நெகிழ்த்தி ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கை ஊற்றினேன். அண்ணன் கன்றும் பிழைக்கட்டுமே என்று நினைத்தேன். பாவி நான்.

தொட்டியின் எடை முன்போலக் குறையவில்லை. உனக்குத் தலைகால் புரியவில்லை. “மண்ணு காஞ்சதும் செடி வாயக் கட்டிக்கிது புள்ள! கொஞ்சங்கொஞ்சமாத்தான் குடிக்கிது!” என்று சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இருபது நாள் தாங்கும் என்றது உன் கோடு. அதை நம்பிப் புது மலை முழுக்கக் கன்று நட்டார்கள். பத்தாம் நாளே எல்லாம் கருகிவிட்டது. தொட்டால் இலை பொடிந்தது. சரியாக நடவில்லை என்று பெரியதொரை நாற்பது பேரின் பேரை வெட்டி வேலையிலிருந்து நிறுத்தினார்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், எல்லோரும் நிற்கும்போது, கண்டாக்கு ஒரு மெழுகுத்துணியை உயர்த்திக் காட்டினார். அதில் மஞ்சள் கறை.

“எவன்டா தொட்டிக்குத் தண்ணி ஊத்துனது?”

நீ துணியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான்.

“நான்தாங்க ஊத்துனேன்.”

முதல் அடி கண்டாக்குடையது. அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் நம் ஆட்கள். மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள், கல்லால் அடித்தார்கள். விழுந்தவனைக் காலால் மிதித்தார்கள். நேற்றுவரை உன்னோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். உன் பல் ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. அதன்மேல் கொழுந்துக் கூடையை வைத்து மறைத்தேன். உனக்காக நான் செய்தது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். கருமாதிக்கு லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் “கன்னக் கொன்னவன் தங்கச்சி” என்கிறார்கள். “சொன்னா ஒன்னையும் கொன்னுபுடுவானுங்க, வாய மூடிக்கிட்டுக் கெட” என்றார் என் வீட்டுக்காரர். கிடந்தேன்.

ஏன் அண்ணே அப்படிச் சொன்னாய்? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அந்தத் துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாயா, முன்பே தெரியுமா? அடித்தவர்கள்மேல் இருக்கிற ஆத்திரத்தைவிட உன்மேல் இருக்கிற ஆத்திரம்தான் எனக்குப் பெரிது. செத்துப்போனவனை எப்படிச் சட்டையைப் பிடித்து உலுக்குவது?

இந்த வருஷமும் மழை இல்லை. நான் இரண்டு பிஸ்கட் தகரத்தில் கன்று வைத்தேன். துணி கட்டினேன். ஒன்றுக்குத் தினமும் ஒரு கை மஞ்சள் தண்ணீர். மற்றதற்கு ஒன்றுமில்லை. அது வாடும்போது கை தானாகச் சொம்புக்குப் போனது. விறகுக் கட்டையால் என் கையை நானே அடித்துக்கொண்டேன். இன்னும் வீக்கம் வற்றவில்லை. பத்தாம் நாள் அது செத்தது. மலையில் செத்ததும் அதே பத்தாம் நாள்தான். நான் குறுக்கே வராவிட்டால் உன் கோடும் அதைத்தான் சொல்லியிருக்கும். தண்ணீர் குடித்த மற்றது பச்சையாக நிற்கிறது, மானங்கெட்டது.

நாளைக் காலைப் பெரட்டுக்கு இரண்டு தகரத்தையும் கூடையில் சுமந்துகொண்டு போவேன். முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் உன் பல்லையும் கொண்டுபோவேன். கண்டாக்கு புதுக் கம்போடு வரட்டும். உன்னை மிதித்த ஒவ்வொருத்தனும் கிட்டே வந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும். பார்த்த பிறகு, நீ சொன்னதையே நானும் சொல்வேன்: “நான்தாங்க ஊத்துனேன்.”

நீ சொன்னபோது அது பொய், அண்ணே. நான் சொல்லும்போது பொய்யாக இருக்காது.

உனக்குப் பின்னால் அதே வயிற்றில் பிறந்தவள்,
ராக்காயி
பூண்டுலோயா