அழித்த கட்டம்

ஸ்ரெல்லா பிள்ளை,

பூசை முடிந்து சந்தைக்கும் போய்விட்டு வருவேன். புட்டு மூடி இருக்கிறது, மீன் சொதியைச் சூடாக்கிச் சாப்பிடு. வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பை அடுத்த வீட்டு மார்கிரட் மாமியிடம் கொடு.

பல்கலைக்கழக விண்ணப்பம் உன் பைபிளுக்குள் இருக்கிறது. மருத்துவத்துக்கு முதலாம் தெரிவு என்று நீ பென்சிலால் எழுதிய பேராதனையை அழித்து, யாழ்ப்பாணம் என்று நான் எழுதியது பிழைதான். நேற்று நீ அதைக் கண்டு சாப்பிடாமலே படுத்துவிட்டாய்.

"ஹொஸ்டல் காசு, றெயில் காசு ஆர் தாறது? இஞ்சை திருநெல்வேலியிலை இருக்கிற யாழ்ப்பாணக் கம்பசுக்கெண்டால் சைக்கிளிலை போய் வரலாம்" என்று கத்தினேனே, அது வெறும் சாட்டு. மகாபொலப் புலமைப்பரிசுக் காசும் கிடைத்தால் சமாளிக்கலாம் என்று அப்பா அப்போதே சொல்லிவிட்டார். நீ தனியே றெயிலில் போவதை நினைத்தால் பயம்தான். அதைவிடப் பெரிய பயம், பின்னேரம் படலையில் உன் சைக்கிள் மணி கேட்காவிட்டால் நான் யாரோடு கதைப்பது என்பது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, செலவைச் சொன்னேன்.

பல்கலைக்கழகக் கண்காட்சிக்குப் பேராதனை போய் வந்த அன்றே, "அங்கையெண்டால் நான் நல்லாப் படிப்பன் அம்மா" என்றாய். படிக்கப்போவது நீ.

விடிய எழும்பி என் எழுத்தை அழித்துவிட்டேன். அப்பாவின் பேனைக்கு மை விட்டு வைத்திருக்கிறேன். நீயே எழுது.

அம்மா

சொதிக்குத் தேசிக்காய்ப் புளி இன்னும் விடவில்லை.

இரண்டுதரம் அழித்ததில் அந்தக் கட்டத்தில் கடதாசி மெல்லிசாகிவிட்டது. பேனையை அழுத்தாமல் எழுது, பிள்ளை.