என் பேரில் இருக்கும் வண்டி

சங்கரன்கோவில்
9.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நிர்மலா எழுதுதேன். ஓசூர்ல நல்ல மழையாம்லா, டிவியில சொன்னான். தலையத் துவட்டாம அலையாதீங்க. போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷமே ரெண்டு பேரும் கத்துதோம், அதனால கார் விக்கிற விஷயத்த எழுதிக்கிடுவோம்னு நீங்க சொன்னது சரிதான். எழுதினா பக்கத்து வீட்டுக்குக் கேக்காது.

லோன் என் சம்பளத்துல எடுத்ததால ஆர்.சி. என் பேர்ல இருக்கு, ஒத்துக்கிடுதேன். அதுக்காக வண்டிய நானே விக்கணும்னா எப்படி? நீங்க அதுல என்னெல்லாம் மாத்தி வச்சிருக்கீங்கன்னு எனக்கு எங்க தெரியும்? வாரவன் எல்லாம் பானட்டத் தொறந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்கான். நேத்து ராயகிரியில இருந்து ஒருத்தர் வந்தாரு. ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். "என்னம்மா, சைலன்சர் ஓட்டையா?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு வந்துச்சே கோவம்! அந்தச் சத்தத்துக்காக நான் உங்களத் திட்டாத திட்டா? ஆனா இன்னொருத்தர் சொன்னா பொறுக்க மாட்டேங்கு. விக்கிறதா இல்லன்னு அனுப்பி விட்டுட்டேன்.

நீங்க போய் ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணி வைக்கேன். மெக்கானிக் ரிபாயி அண்ணன் வந்து டயருக்குக் காத்து பாத்துட்டுப் போறாரு. நீங்க சோறு திங்கீங்களா, இல்ல பரோட்டாவே கதின்னு கிடக்கீங்களா? அதையும் ஒரு வரி எழுதுங்க.

இப்படிக்கு,
நிர்மலா


ஓசூர்
20.6.2024

நிர்மலாவுக்கு,

லெட்டர் கிடைச்சது. நான் நல்லா இருக்கேன். மெஸ்ல சாப்பாடு பரவாயில்ல.

வாரவங்ககிட்ட இப்படிச் சொல்லு. சைலன்சர் ஓட்டை இல்ல, ரேஸ் வண்டிக்குப் போடுறது. நாலு ஸ்ப்ரிங்கையும் மாத்தி வண்டியத் தணிச்சிருக்கு, அதனால வளைவுல எவ்வளவு வேகமாப் போனாலும் சாயாது. இன்ஜின் செட்டிங்க கோயம்புத்தூர்ல கொடுத்து மாத்துனது. எங்கயும் இடிச்சது கிடையாது, ஒரு இடத்துல கூட மறு பெயிண்ட் கிடையாது. வண்டி தணிஞ்சு இருக்கிறதால பெரிய ஸ்பீடு பிரேக்கர்ல உள்ள இருக்கிறவங்க இறங்கிக்கிடணும், இல்லன்னா அடி தட்டும். அத மறைக்காம சொல்லிரு.

துடைக்கும்போது வட்டமாத் தேய்க்காத, நேராத் தேய். கோடு விழும்.

யார் வந்தாலும் கொடுத்துரு. பணம் எனக்கு வேண்டாம். வக்கீல் அனுப்புன பேப்பர் வந்திருக்கும். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுறதாத்தான் எழுதியிருக்கு, உன் மேல ஒரு குத்தமும் சொல்லல. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

செல்வக்குமார்


சங்கரன்கோவில்
7.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

பேப்பர் வந்துட்டு. பீரோவுல கிடக்கு. அத விடுங்க.

பனவடலிசத்திரத்துல இருந்து ஒருத்தன் வந்தான். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப் போறானாம், மேல ஓட்டை போட்டு மாப்பிள்ளைய நிக்க வைக்கணுமாம். உன் மண்டையில போடுலே ஓட்டைன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. அப்புறம் சிவகிரியில இருந்து பெத்துராஜுன்னு ஒரு வாத்தியார் வந்தாரு. நல்ல மனுசன். கார் கிறுக்கு, உங்கள மாதிரியேதான். தரையில படுத்து ஸ்ப்ரிங்கப் பாத்துட்டு, வேட்டியில மண்ணோட எந்திரிச்சுச் சிரிச்சாரு. அவரு மேல ஒரு குறையும் சொல்ல முடியல. ஆனாலும் யோசிச்சுச் சொல்லுதேன்னு அனுப்பிட்டேன்.

இவளுக்கு என்ன கிறுக்கான்னு கேப்பீங்க. ஆமா, கிறுக்குதான். இந்த வண்டியும் போயிட்டா நீங்க எனக்கு எழுத என்ன இருக்கு?

அத்தான், அன்னைக்கு நடந்தத நாம ரெண்டு பேரும் இன்னும் வாய்விட்டுப் பேசல. நானே ஆரம்பிக்கேன். அஞ்சாம் மாசம், அடிவயித்துல வலின்னு திருநெல்வேலிக்குப் பறந்தோம். ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சு. நீங்க பழக்கத்துல நிறுத்துனீங்க, நானும் பழக்கத்துல கதவத் தொறந்து இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கிட்டேன். அடுத்ததுலயும் அப்படியே. அதுக்கு அடுத்ததுலதான் உங்களுக்கு உறைச்சது. "ஏட்டி, நீ எதுக்கு இறங்குத!"ன்னு நீங்க கத்துனது இன்னைக்கும் என் காதுல இருக்கு. ஆனா நடந்ததால பிள்ளை போகல. துடிப்பு நின்னு ரெண்டு நாளாச்சு, யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டரம்மா உங்க முன்னாலதான சொன்னாங்க? எனக்கு உங்க மேல எள்ளளவும் வருத்தம் கிடையாது. அதுக்கப்புறம் நீங்க வண்டியத் தொடாம, எம் மூஞ்சியையும் பாக்காம பஸ் ஏறிப் போனீங்களே, அதுதான் அத்தான் ஆறல.

ஆடித் தபசுக்கு ஊருக்கு வாங்க. பெத்துராஜு சாருக்கு நீங்களே உங்க கையால கொடுங்க. இல்ல, கொடுக்காமலே இங்கன இருந்துருங்க. எனக்கு நீங்க வேணும். இத வேற எப்படி எழுதணும்னு தெரியல.

உங்கள்
நிர்மலா


ஓசூர்
16.7.2024

நிர்மலா,

தபசுக்கு வரல. லீவு இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், லீவு இருக்கு.

டாக்டரம்மா சொன்னது எனக்கும் மனப்பாடம். தினமும் எனக்கு நானே சொல்லிப் பாக்கேன். புத்திக்குப் புரியுது, அதுக்கு மேல இறங்க மாட்டேங்கு. கம்பெனி பஸ் ஸ்பீடு பிரேக்கர்ல ஏறும்போது நான் கண்ண மூடிக்கிடுதேன். மூடினாலும் தெரியுது. நீ வயித்தப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல ரோட்டுல நடந்து வார. நான் ஏசியில ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நீ என்ன ஒரு வார்த்தை ஏசியிருந்தா, ஒரு அறை விட்டிருந்தா கூட நான் அங்கனயே கிடந்திருப்பேன். நீ காப்பி போட்டுக் கொடுத்த. வலிக்குதான்னு நான் உன்னக் கேக்க வேண்டிய நேரத்துல, சாப்பிட்டீங்களான்னு நீ என்னக் கேட்ட. அதுக்கு முன்னால என்னால நிக்க முடியல. இனிமேலும் முடியாது.

உனக்கு வயசு இருக்கு. பெத்துராஜு சாருக்கே கொடுத்துரு. பேப்பரையும் அனுப்பிரு. உன்னக் கெஞ்சிக் கேக்கேன், என்ன விட்டுரு ஏட்டி.

செல்வம்


சங்கரன்கோவில்
28.7.2024

அத்தானுக்கு,

தபசு முடிஞ்சு ஊர் அடங்கிட்டு. சப்பரம் வார வரைக்கும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே நின்னேன். நீங்க வரலன்னு எழுதின பிறகும் நின்னேன், என்ன செய்ய?

ஏசியிருந்தா இருந்திருப்பேன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஏசத் தோணலயே. உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு, காப்பி போட்டேன். அதுவா தப்பாப் போச்சு? ரெண்டு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். இப்பதான் உங்க மேல கோவம் கோவமா வருது. இது அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா?

வண்டிய பெத்துராஜு சாருக்குக் கொடுத்துட்டேன். ஸ்பீடு பிரேக்கர் விஷயத்தையும் மறைக்காம சொன்னேன். ரிபாயி அண்ணன் கூட இருந்தாரு. நீங்க கழட்டி வச்ச பழைய ஸ்ப்ரிங்கு பரண்ல கிடந்துச்சு, அதையும் எடுத்துக் கொடுத்தாச்சு. காலையிலேயே நான் நல்லாத் துடைச்சு வச்சிருந்தேன். நேராத்தான் தேய்ச்சேன்.

பேப்பர்ல கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன். விட்டுட்டேன் அத்தான். உடம்பப் பாத்துக்கோங்க.

அந்த வாத்தியார் பாவம், ஒண்ணும் தெரியாத மனுசன். கிளம்புறதுக்கு முன்னால வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. "எங்கயும் ஒரு கீறல் இல்லம்மா. நீங்களும் சாரும் சொந்தப் பிள்ளை மாதிரிப் பாத்திருக்கீங்க"ன்னாரு.

ஆமான்னு சொல்லி சாவியக் கொடுத்தேன்.

நிர்மலாதேவி