வாசல்வரை பதினெட்டு அடி

பாப்பாவின் அம்மாவுக்கு,

முழங்காலில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற என்னை, லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டிடத்தில் நாற்காலியில் உட்காரவைத்து மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

விஷயம் இதுதான். வீட்டில் துணைக்கு ஆள் இருந்தால்தான் அனுப்புவோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். யார் என்று கேட்டதும் வாயில் உன் பெயர்தான் வந்தது. நம்பரும் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை பிசியோதெரபி பெண் உனக்குப் போன் செய்து, "சார் இப்ப எத்தனை அடி நடக்குறாரு?" என்று கேட்பாள். பதினெட்டு என்று சொல்லிவிடு. பொய்யில்லை. கட்டிலிலிருந்து வாசல் கதவு வரை வாக்கரோடு பதினெட்டு அடி. தினமும் இரண்டு தடவை போய், தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

சாப்பாடு கீழ்வீட்டு அக்கா கொண்டுவருகிறார். அவரிடம் ஒரு சாவி இருக்கிறது. நீ டிவி மேல் வைத்துவிட்டுப் போனதுதான்.

வேலை முடிந்து வந்து நீ மணி அடித்தால் நான் எழுந்ததே இல்லை. நீயே சாவி போட்டுத் திறந்து, "கதவத் திறக்கக்கூட ஒடம்பு வணங்காதா உங்களுக்கு?" என்பாய். ஞாபகம் வந்தது, எழுதினேன். அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் உனக்கு வேலை இருக்காது. ஒருவேளை வந்தால், மணி அடித்துவிட்டு உடனே திரும்பிவிடாதே. எழுந்து வர மூன்று நிமிஷம் ஆகும். நானே திறக்கிறேன்.

பாப்பாவின் அப்பா