தவளைவாயன் வாய் திறந்த படம்

மணிமுத்தாறு
18.2.1994

என் அன்பான சாராவுக்கு,

உன் எலியேசர் எழுதுகிறேன். நான் சுகம். கர்த்தர் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். மருத்துவர் சொன்னபடி படுத்தே இருக்கிறாய் அல்லவா? போன இரண்டு முறையும் இழந்தது போல இந்த முறை ஆகாது.

கேள், தவளைவாயன் கூடு கிடைத்துவிட்டது. அணைக்கு மேலே மாஞ்சோலைப் பாதையை விட்டு இறங்கினால் கொடிகள் மூடிய ஒரு சிறு மரம். அதில் உள்ளங்கை அளவுகூட இல்லாத கூடு, ஒரே ஒரு முட்டை. பறவை அசையாமல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஜீப் ஓட்டும் அலி அக்பர் நேர் எதிரே நின்றுகொண்டு, “எங்கன அண்ணாச்சி? சருகுல்லா கெடக்கு” என்கிறான். பகல் முழுக்கத் தகப்பன்தான் அடைகாக்குமாம். தாய் ராத்திரிதான் வந்து மாற்றிக்கொள்ளும்.

நம் பறவைப் புத்தகத்துக்கு இது ஒன்றுதான் பாக்கி. நான் எடுப்பதைப் பார்த்து நீ வரைந்துவிட்டால் முடிந்தது. ஆனால் பதிப்பகத்தார் வாய் திறந்த நிலையில்தான் வேண்டும் என்கிறார்கள். பெயரே வாயை வைத்துத்தானே. இது பகலில் வாயைத் திறப்பதாக இல்லை. மார்ச் கடைசியில்தானே உனக்கு நாள்? ஒரு வாரம் முன்னாலேயே வள்ளியூரில் இருப்பேன்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

உன்
எலியேசர்


வள்ளியூர்
1.3.1994

அன்புள்ள அத்தானுக்கு,

சாரா எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தகப்பன் அடைகாக்கும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். “பட்சிக்கு இருக்க புத்தி மாப்பிள்ளைக்கு இல்லியே. பொண்டாட்டி இங்கன கெடக்கா, அவுக அங்கன காட்டுல என்னத்தப் பாக்காவ?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

தலையணையில் சாய்ந்துகொண்டு உவரிக் கடற்கரை ஆலாப் பறவைகளை வரைந்து முடித்தேன். போன வருஷம் இருவரும் மணலில் குப்புறக் கிடந்தோமே, கரையில் பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று மீன்காரர்கள் ஓடி வந்தார்களே, அந்த ஆலாக்கள்தான். அப்போது நீங்கள் எடுக்க எடுக்க நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இப்போது நீங்கள் அனுப்புவதை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். பிள்ளை உதைத்தால் சந்தோஷம். கொஞ்ச நேரம் உதைக்காவிட்டால் வயிற்றில் கையை வைத்துக் காத்துக்கொண்டே கிடக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அது வாயைத் திறக்காவிட்டால் மூடிய வாயையே வரைகிறேன். சொன்னபடி வந்துவிடுங்கள்.

உங்கள்
சாரா


மணிமுத்தாறு
15.3.1994

என் அன்பான சாராவுக்கு,

முட்டை பொரிந்துவிட்டது. வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு. தகப்பன் அதை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது.

வெளிச்சம் போதாமல் இருந்தது. அதற்கு ஒரு வழி செய்துவிட்டேன். இன்று மத்தியானம் முதல் தடவையாக வாயைத் திறந்தது. என் கெட்ட நேரம், அப்போது பார்த்து ரோல் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு படம்தான் எடுக்க முடிந்தது, அதுவும் ஆடிவிட்டது. நாளையும் திறக்கும் என்று தோன்றுகிறது. அதனால் கல்லூரியில் விடுப்பை நீட்டியிருக்கிறேன். இன்னும் நாலைந்து நாள் மட்டும் பொறுத்துக்கொள். “ஒரு குருவிக்குப் போயி இம்புட்டு நாளா காத்துக் கெடக்கியளே அண்ணாச்சி” என்று அலி அக்பரும் கேலி செய்கிறான்.

எடுத்து முடித்ததும் ரோல்களை அவனிடம் பாளையங்கோட்டை ஸ்டுடியோவுக்குக் கொடுத்து விடுகிறேன். பிரிண்ட் போட்டு நேரே உனக்கு அனுப்புவார்கள்.

உன்
எலியேசர்


வள்ளியூர்
1.4.1994, பெரிய வெள்ளி

அத்தானுக்கு,

எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கோமு மட்டும் துணைக்கு இருக்கிறாள். பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள் வந்தீர்கள். மூன்று நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். காமிராச் சாமான்களை எடுத்து வருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. நீங்கள் காட்டில் இருந்தபோது தந்தி அறையில் கிடந்ததற்கு நான் குறை சொல்லவில்லை. பிள்ளை ஒரு வாரம் முந்திக்கொண்டதற்கு யார் என்ன செய்ய முடியும். ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே இருப்பேன் என்று எழுதியது நீங்கள்தான்.

நேற்று படங்கள் வந்தன. முதல் ரோலில் கூட்டின்மேல் நிழல் விழுகிறது. இரண்டாவதில் சுள்ளென்று வெயில். இடது பக்கம் கிளைகள் இருந்த இடத்தில் வெட்டுவாய் வெள்ளையாகத் தெரிகிறது. தகப்பன் வாயைத் திறந்திருக்கிறது, படத்துக்குப் படம் இன்னும் அகலமாக. நீங்கள் காத்திருந்த வாய்தான். அது வெயில் தாங்காமல் மூச்சு வாங்குகிறது, அத்தான். எனக்குத் தெரியும். நம் பிள்ளை உயிரோடு இருந்த அரைநாளும் அப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் பக்கத்தில் படுத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் படங்களில் குஞ்சின் தலை கூட்டுக்கு வெளியே தொங்குகிறது.

கிளையை வெட்டினீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

சாரா


மணிமுத்தாறு
7.4.1994

என் சாராவுக்கு,

வெட்டினேன். நாலு கிளை. கயிற்றால் கட்டி ஒதுக்கத்தான் பார்த்தேன், நழுவிக்கொண்டே இருந்தது. மலையில் என்ன பெரிய வெயில் என்று இருந்துவிட்டேன். வாயைத் திறந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. வள்ளியூரிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது கூடு காலி. குஞ்சு கீழே எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதனால்தான் உன் முகத்தில் விழிக்க முடியாமல் இங்கேயே கிடக்கிறேன்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்காதே, சாரா. இது என் தவறு. அது தேவ சித்தம். பெயர்கூட வைக்காமல் மண்ணுக்குக் கொடுத்துவிட்ட பிள்ளையை நினைத்து நானும்தான் அழுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். வாய் திறந்த அந்தப் படத்தையே வரைந்துவிடு. வெட்டிய இடத்தில் நாலு இலை வைத்தால் மறைந்துவிடும். உன் கைக்கு அது ஒரு வேலையா? குஞ்சை விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. புத்தகம் கைக்கு வந்தால் நம் இருவருக்கும் மனசு கொஞ்சம் ஆறும். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து உன்னைப் பாளையங்கோட்டைக்கு, நம் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.

உன்
எலியேசர்


வள்ளியூர்
12.4.1994

திரு. எலியேசர் அவர்களுக்கு,

சனிக்கிழமை வர வேண்டாம்.

நாலு இலை வைக்க எனக்குத் தெரியும். வைக்க மாட்டேன். வெட்டு, வெயில், மூச்சு வாங்கும் தகப்பன், தலை தொங்கும் குஞ்சு எல்லாவற்றையும் இருந்தபடியே வரைந்து நேற்று பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். அதைப் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் என் மற்றப் படங்களையும் திருப்பித் தரட்டும் என்று எழுதியிருக்கிறேன். புத்தகம் நின்றுபோகும். தெரிந்துதான் செய்தேன். என் உழைப்பும் அதில்தான் இருக்கிறது.

உங்களை வெறுக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இனி ஒரு வாய் சோறு என்னால் தின்ன முடியாது, அது மட்டும் தெரிகிறது. கோமு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து என் துணிமணிகளை எடுத்து வருவாள்.

நீங்கள் எழுதியதில் ஒரு பிழை. பாதிரியார் வரும்வரை பிள்ளை தாங்காது என்று நர்சு சொன்னதும், அம்மா ஒரு தம்ளரில் தண்ணீர் வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு, “பேரச் சொல்லு மக்ளே, பைய சொன்னாலும் போதும்” என்றாள். சொன்னேன். அந்தப் பெயரில்தான் அவளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடக்கம் செய்தார்கள். கோமுவுக்குத் தெரியும். நர்சுக்குக்கூடத் தெரியும். மூன்று நாள் இந்த வீட்டில் இருந்தீர்கள், ஒரு தடவை கேட்கவில்லை. இனி நீங்கள் கேட்டாலும் நான் சொல்வதாக இல்லை.

சாரம்மாள்