வாயை மூடிக்கிட்டு ஒரு மணி நேரம்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கணும். என் சுகத்தை ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நுரையீரல் கட்டி புற்றுதான்னு ஊசி குத்திப் பார்த்துச் சொன்னது உனக்குத் தெரியும். அது அங்கேயே நிக்குதா, வேற எங்கேயாவது பரவிடுச்சான்னு பார்க்க பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. நின்னா ஆபரேஷன், பரவியிருந்தா ஆபரேஷன் இல்லை. இது உன் மாமன் காதுக்கு எப்படியோ போயிடுச்சு. உங்க அம்மா கூடப் பிறந்தவன், அவ படுக்கையில் கிடந்தப்ப ஒரு நாள் எட்டிப் பார்க்காதவன், என் லேத் பட்டறைக்கு டேப்பைத் தூக்கிட்டு வந்து நீள அகலம் அளந்தான். என் வாடிக்கைக்காரங்ககிட்ட மச்சான் மாசக் கடைசி தாண்ட மாட்டார், இனிமே வேலையை என்கிட்ட குடுங்கன்னு சொல்லியிருக்கான். ஷெட்டை அடுத்து தனக்கு வாடகைக்கு விடச் சொல்லி அதோட சொந்தக்காரரையும் பார்த்துப் பேசிட்டான். இதெல்லாம் ஸ்கேனுக்கு முந்தின நாள்தான் எனக்குத் தெரிஞ்சது.

மறுநாள் வெறும் வயித்தோட போனேன். விரலைக் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்துட்டு, ஈய உறை போட்ட ஊசியில் ஒரு மருந்தை ஏத்தினாங்க. அதுவும் ஒரு மாதிரி சர்க்கரைதானாம், கூடவே கொஞ்சம் கதிர்வீச்சு ஒட்டியிருக்குமாம். புற்றுக்குப் பசி அதிகம், மத்த இடத்தை விட அள்ளித் தின்னும், தின்ன இடம் படத்தில் பளிச்சுன்னு தெரியும். பக்கத்து அறைக்காரர் புற்றுக்கு ஏத்தின மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க வந்திருந்தார். ஒரு அம்மாவுக்கு மறதி, மூளையைப் பார்க்கணுமாம். என் ஞாபகத்துக்கு அந்தச் செலவு வேண்டாம்னேன், நர்ஸ் சிரிச்சுது. அசையாம, பேசாம ஒரு மணி நேரம் படுத்திருங்க, அப்புறம்தான் வளையத்துக்குள்ளே விடுவோம்னு விளக்கைக் குறைச்சுட்டுப் போயிடுச்சு.

நான் படுத்தேன். நீ ஒன்பதாவது படிக்கிறப்ப உன் மாமன் என் அளவு பார்க்கிற காலிப்பரை எடுத்துட்டுப் போய் வளைச்சுத் திருப்பிக் குடுத்ததிலிருந்து ஆரம்பிச்சு, இந்த டேப் வரைக்கும் ஒண்ணு விடாம எடுத்துச் சொல்லித் திட்டினேன். ஒரு மணி நேரம் பத்தலை.

படத்தில் கட்டியும் பளிச்சுன்னு தெரிஞ்சது, தொண்டையும் பளிச்சுன்னு தெரிஞ்சது. உன் அக்கா அங்கேயே அழுதுட்டா. டாக்டர் என்னைப் பார்த்து, ஊசி போட்ட பிறகு பேசினீங்களா பெரியவரேன்னு கேட்டார். யார்கிட்டயும் பேசலை ஐயா, தனியாத்தான் திட்டினேன்னேன். வேலை செய்யுற தசையும் சர்க்கரை தின்னும், அதனாலேயும் இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது, இன்னொரு தடவை எடுக்கணும்னுட்டார். என் உள்ளே போயும் அவன் என்னைக் கெடுத்தான் பார்.

முந்தாநாள் மறுபடி படுத்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கலை. நான் லேத்தில் நிக்கிறேன், அவன் வாசலில் வந்து முழிக்கிறான், அதை மட்டும் நினைச்சுக்கிட்டுக் கட்டை மாதிரிக் கிடந்தேன். தொண்டை இருட்டா இருக்கு, கட்டி ஒரே இடம்தான். வியாழக்கிழமை ஆபரேஷன்.

மாமன் உனக்குப் போன் பண்ணுவான், குரலைத் தழுதழுக்க வெச்சுக்கிட்டுக் கேட்பான். தெரியலை மாமா, டாக்டர் வாயே திறக்கலைன்னு சொல்லு. என் ஷெட்டில் போடப் புது மெஷினுக்குச் சொல்லி வெச்சிருக்கானாம், சொல்லட்டும். அது லாரியில் வந்து இறங்குற அன்னிக்கு நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன், எங்கே இறக்கணும்னு என்னைத்தான் கேட்கணும். இப்படி எல்லாம் எழுதணுமாப்பான்னு உன் அக்கா பேனாவை வெச்சுட்டா, எழுதுடின்னுட்டேன்.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருங்க. மருமகளுக்கு மனசு சீக்கிரம் இளகிடும், போனை அவகிட்ட குடுக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)