சுக்கான் காட்டில் முளைத்த கொழுஞ்சி

பேச்சில் என்னிடம் ஒரு நாளும் தோற்காத அன்பு மாப்பிள்ளைக்கு,

அங்கே மழை உண்டா? இங்கே ஆவணியிலிருந்து விட்டு விட்டுப் பெய்கிறது. சுண்ணாம்புக்கல் மண்டிய உங்கள் சுக்கான் காடு பச்சையாகிவிட்டது. நம்பாமல் நானே குனிந்து ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன். மண்ணுக்குத் தழையுரமாக நீங்கள் விதைத்த கொழுஞ்சிதான்!

போன வருடம் அந்த விதையை மணலில் தேய்க்காமலே விதைத்தீர்களே, நினைவிருக்கிறதா? அதன் தோல் கெட்டி, தேய்த்தால்தான் சீக்கிரம் முளைக்கும் என்று ஊருக்கே தெரியும். "ஏனுங் மாப்ள, கல்லுக்காட்டுல கல்லையே வெதைக்கறீங்களாக்கும்?" என்றேன். "மொளைக்கறப்ப மொளைக்கட்டுமுங்க மச்சான், அது என்ன சந்தைக்கா போகோணும்?" என்றீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் தேய்த்து விதைத்தது ஒரு தூறலில் முளைத்து, அடுத்த வெயிலில் கருகியது. உங்களுடையது முளைக்கவே இல்லை. மாசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் காட்டை என் தங்கை சுண்ணாம்புக் காளவாய்க்காரருக்கு விற்றுவிட இருந்தாள். சுக்கான்கல்லைத் தோண்டிச் சுட்டுவிடுவார்; அப்புறம் அது காடல்ல, குழி. உலகச் சண்டைக் காலம், தானியத்துக்குத் திண்டாட்டம். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

நேற்று அவர் வண்டியோடு வந்து நின்றார். தங்கை ஒரு செடியைப் பிடுங்கினாள். வேரில் கேழ்வரகு போலக் குட்டிக் குட்டி முடிச்சுகள்.

"ஏனுங்ண்ணா, இது சீக்குங்களா?"

"தெரியல சாமி. சீக்குன்னா செடி இத்தனை தெம்பா நிக்குமா?"

வேரோடு வந்த மண்ணை விரலால் நசுக்கினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. கடப்பாரைக்கே மசியாத மண் அது! கையைத் தட்டிவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"காடு தரலீங்க. பூ உட்டதும் மடக்கி உழோணும்."

"ஆடுகூட வாய் வெக்காத செடி. நீ திம்பியாக்கும்?"

"நான் எங்கீங்க திங்கறேன்? காடு திங்கட்டும்."

மாப்பிள்ளை, எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். தேய்க்க மறந்துவிட்டுத்தான் அன்று அப்படிச் சமாளித்தீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா? தங்கையைக் கேட்டால், "அவிகளைத்தான் கேக்கோணும்" என்கிறாள். இது நல்ல மழை, இது ஏமாற்று மழை என்று விதைக்கு யார் சொன்னது? ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அது எதற்கு?

வரும் ஆடியில் கம்பு விதைக்கப் போகிறாளாம். வருமா, தெரியாது. பூ விட்டதும் என் எருதுகளைப் பூட்டி நானே மடக்கி உழுகிறேன். கம்பு வராவிட்டால் மறுபடியும் கொழுஞ்சி, மறுபடியும் உழவு. அவள் கம்பங்கூழ் குடிக்கும்வரை நான் விடமாட்டேன். ஆகையால் அங்கே அவசரப்பட்டு எனக்கு இடம் பிடித்து வைக்க வேண்டாம்.

உங்களைக் கேலி பேசும் உரிமையை இன்னும் விட்டுக்கொடுக்காத,
உங்கள் மச்சான்